சிலம்பம் சுத்தினா அரசு வேலை கிடைக்குமா? கம்பு வாங்குறதுக்கு முன்னாடி கூடலூர் பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

சாயங்காலம் 5 மணி தாண்டிட்டா போதும். கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கம் ஏதாவது ஒரு ஸ்கூல் கிரவுண்டிலோ கோயில் பொட்டலிலோ காற்றைக் கிழிக்கும் 'விர்ர்' சத்தம் கேட்கும். வரிசையாக நிற்கும் பிள்ளைகள் கையில் அவங்களைவிட உயரமாகத் தெரியும் கம்பு. ஓரமாக பைக்கை நிறுத்திவிட்டு, தோட்ட வேலை முடித்து வந்த அப்பாக்களும், கடைக்குட்டியை இடுப்பில் வைத்த அம்மாக்களும் காத்திருப்பார்கள்.

அவர்களில் பலருக்கும் மனசுல இருக்கிற கேள்வி ஒண்ணுதான். இதைக் கத்துக்கிட்டா பிள்ளைக்கு நாளைக்கு கவர்மென்ட் வேலைக்கு உதவுமா?

சுருக்கமான பதில்: உதவலாம். ஆனால் எல்லாருக்கும் இல்லை, எந்த சர்டிபிகேட்டை வைத்தும் இல்லை. இதைத் தெரியாமல் காசையும் பிள்ளையின் நேரத்தையும் செலவு பண்ணிவிட்டு, பிளஸ் டூ முடித்த பிறகு ஃபைல் நிறைய சான்றிதழோடு நிற்பதில்தான் சிக்கல் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

அரசு என்ன அறிவித்தது?

தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்தப் பட்டியலில் சிலம்பம் 2021-ல் சேர்க்கப்பட்டது. அதுவரைக்கும் திருவிழா ஊர்வலத்தில் சாமிக்கு முன்னால் ஆடிப் போகும் கலையாக மட்டும் பார்க்கப்பட்ட சிலம்பத்துக்கு, கபடி, வாலிபால், தடகளத்தோடு ஒரே பெஞ்சில் இடம் கிடைத்தது அப்போதுதான்.

அடுத்து 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதில் சிலம்பம் இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பை போட்டிகளிலும் சிலம்பம் உண்டு. மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதலிடம் பிடித்தால் ரூ.1 லட்சம் பரிசு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கேலோ இந்தியாவில் சிலம்பம் 'செயல்விளக்க விளையாட்டு' என்ற பெயரில்தான் வந்தது. அதாவது நாடு முழுக்க உள்ளவர்களுக்கு 'இப்படி ஒரு விளையாட்டு இருக்கு' என்று காட்டுவதற்காகச் சேர்ப்பது. பதக்கப் பட்டியல் கணக்கில் அது சேராது. இந்த வித்தியாசத்தை நோட்டீஸ் அடிக்கிற பயிற்சி மையங்கள் எல்லாம் சொல்வதில்லை.

3 சதவீதம் என்றால் எத்தனை பேர்?

நூறு இடத்தில் மூன்று. அந்த மூன்றும் சிலம்பத்துக்கு மட்டும் இல்லை. பட்டியலில் இருக்கிற எல்லா விளையாட்டுக்காரர்களும் அதே மூன்றுக்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள். ஒலிம்பிக், ஆசியப் போட்டி வரை போய் வந்தவர்களும் அந்த வரிசையில் இருப்பார்கள். வேலைக்கு உரிய கல்வித்தகுதியும் கண்டிப்பாக வேணும். 'கம்பு சுத்தினா படிக்க வேண்டியதில்லை' என்பது வெறும் பேச்சு.

இன்னொண்ணு, இது மாநில அரசின் பட்டியல். மத்திய அரசுத் துறைகள், ரயில்வே, ராணுவம் போன்றவற்றுக்கு அவங்கவங்க பட்டியல் தனி. ஒன்றில் இருப்பதால் மற்றதிலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்தந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

எந்த சர்டிபிகேட் செல்லும், எது செல்லாது?

பெற்றோர் அதிகமாக ஏமாறும் இடம் இதுதான்.

சிலம்பத்துக்கு ஒரே ஒரு சங்கம் கிடையாது. மாவட்டம், மாநிலம், அகில இந்தியா, ஆசியா, உலகம் என்று பல பெயர்களில் பல அமைப்புகள் போட்டி நடத்துகின்றன. கோயம்புத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடக்கும் போட்டிக்கு 'இன்டர்நேஷனல்' என்று பெயர் இருக்கலாம். பேனரில் இருக்கும் பெயர் முக்கியமில்லை. அந்தப் போட்டியை நடத்தும் சங்கத்தை அரசு அங்கீகரித்திருக்கிறதா, அரசாணை சொல்லும் தகுதிப் போட்டிகளில் அது வருகிறதா என்பதுதான் கணக்கு.

இதைத் தெரிந்துகொள்ள சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. தேனியில் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகம் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் வரும் அலுவலகம் அது. பிள்ளை கலந்துகொள்ளப் போகும் போட்டியின் நோட்டீஸைக் கொண்டுபோய் காட்டி, 'இந்த சர்டிபிகேட் ஒதுக்கீட்டுக்குச் செல்லுமா?' என்று நேராகக் கேட்கலாம். நுழைவுக் கட்டணம், பஸ் செலவு, டிரெஸ், சாப்பாடு என்று ஒரு வெளியூர் போட்டிக்கு ஆகும் செலவை நினைத்தால், கூடலூரில் இருந்து தேனிக்கு ஒரு தடவை போய் வருவது லாபம்தான்.

முதலமைச்சர் கோப்பை போன்ற அரசே நடத்தும் போட்டிகளில் இந்தச் சந்தேகம் வராது. அரசு இணையதளத்திலேயே பெயரைப் பதிவு செய்யலாம். மாவட்ட அளவில் ஜெயித்தால் மாநில அளவுக்குப் போகலாம்.

'உலக சாதனை' படைத்தால் பலன் உண்டா?

முகநூல், வாட்ஸ்அப்பில் இந்தப் படங்களை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சிலம்பம், பானை மேல் நின்று சிலம்பம், ஆணிப் பலகை மேல் சிலம்பம், தொடர்ந்து பல மணி நேரம் சிலம்பம். கையில் ஒரு சான்றிதழ், கழுத்தில் ஒரு மெடல், பின்னால் பெரிய பேனர்.

பிள்ளைக்கு அது சந்தோஷம்தான், மேடை பயம் போகும். ஆனால் தனியார் சாதனைப் புத்தகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் சான்றிதழுக்கும் அரசு வேலை ஒதுக்கீட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. போட்டி என்றால் எதிரில் ஒருவர் இருக்கணும், நடுவர் இருக்கணும், தோற்கவும் வாய்ப்பு இருக்கணும். 7 வயசுப் பிள்ளையை வெயிலில் மணிக்கணக்கில் கம்பு சுற்ற வைப்பதில் தோள்பட்டைக்கு வரும் வலி மட்டும்தான் நிச்சயம்.

அப்படின்னா சிலம்பத்தில் உண்மையில் என்ன கத்துக்கொடுக்கிறாங்க?

பார்ப்பவர் கண் கம்பின் மேல்தான் இருக்கும். ஆசானின் கண் காலின் மேல் இருக்கும்.

சிலம்பத்தின் அடிப்படை 'காலடி'. எந்தக் காலை முன்னே வைப்பது, எப்போது திரும்புவது, எதிராளியின் கம்பு வரும் கோட்டிலிருந்து எப்படி விலகுவது என்பதெல்லாம் அதில்தான் வரும். பழைய ஆசான்கள் காலடி படியாமல் கையில் கம்பே கொடுக்க மாட்டார்கள். இப்போது பல இடங்களில் முதல் நாளே கம்பு கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கலைன்னா பிள்ளை அடுத்த நாள் வராது என்பது அவங்க கஷ்டம்.

காலடிக்குப் பிறகு வணக்க முறை, ஒற்றைக் கைச் சுற்று, இரட்டைக் கைச் சுற்று, வீச்சு. அதன் பிறகுதான் அடியும் தடுப்பும். கம்பின் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. தரையில் ஊன்றினால் பிடிப்பவரின் நெற்றி உயரம் வரணும். இந்த நீளம் சும்மா வைத்ததில்லை. கத்தியோடு வருபவரைக் கத்தி எட்டாத தூரத்திலேயே நிறுத்தி வைக்கலாம். நாலு பேர் சூழ்ந்தாலும் சுற்றி ஒரு வட்டத்தைக் காலியாக வைத்துக்கொள்ளலாம். கம்பைச் சுற்றும்போது மணிக்கட்டு கொஞ்சம்தான் அசையும், நுனியோ பல மடங்கு வேகத்தில் போகும். அந்த 'விர்ர்' சத்தம் வருவது நுனியில் இருந்துதான்.

முன்பு கிராமங்களில் கம்பின் நுனியில் திருநீறோ சாந்தோ தடவிக்கொண்டு மோதுவார்கள். ஆட்டம் முடிந்ததும் யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஓங்கி அடிப்பவனைவிட, தான் அடிபடாமல் எதிராளி மேல் மெதுவாகப் பொட்டு வைத்துவிட்டு வருபவனுக்குத்தான் பேர். இன்றைய போட்டிகளில் கம்புச் சண்டையில் உடம்பைத் தொட்டால் புள்ளி என்ற விதி அதே யோசனைதான். திருநீறுக்குப் பதில் நடுவர் வந்திருக்கிறார், தலைக்கவசம் வந்திருக்கிறது.

கம்பு கைவந்த பிறகு மற்ற ஆயுதங்கள் வரும். இரட்டைக் கம்பு, வாள், கேடயம், மான்கொம்பு, கடைசியாக சுருள்வாள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் உருமி என்று சொல்வதும் சுருள்வாள் வகைதான். மெல்லிய நீளமான இரும்புப் பட்டை, பெல்ட் மாதிரி சுருட்டி வைக்கலாம். எதிராளியைவிட வீசுபவரைத்தான் முதலில் வெட்டும் என்பதால் அதைக் கடைசிப் பாடமாக வைத்தார்கள். சேர்ந்த மூணாவது மாசமே சுருள்வாள் கொடுக்கிற இடம் என்றால் பெற்றோர் யோசிக்கணும்.

ஆட்டம் வேறு, அடி வேறு

இன்றைய போட்டிகளில் பெரும் பகுதி தனித்திறமைப் பிரிவுகள். தனியாக நின்று வீச்சும் சுற்றும் காட்டணும், அதற்கு மதிப்பெண். வேகமும் அழகும் இருந்தால் மெடல். மெடலுக்காகப் பயிற்சி கொடுப்பவர்கள் அதைத்தான் அதிகம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடி, தடுப்பு, பிடி எல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது.

இதனால் 'தற்காப்புக்குன்னு சேர்த்தேன்' என்று சொல்லும் பெற்றோர், குறிப்பாகப் பெண் பிள்ளைகளைச் சேர்ப்பவர்கள், ஒரு கேள்வி கேட்டே ஆகணும். எதிரில் ஆள் நிறுத்தி எப்போது பழக்குவீர்கள்? ஜோடியாக நின்று பழகாத சிலம்பம் உடற்பயிற்சி. நல்ல உடற்பயிற்சிதான், அதில் குறை இல்லை. ஆனால் தற்காப்பு என்று அதை விற்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் யாரும் கையில் ஐந்தடிக் கம்போடு நிற்பதில்லை என்பதையும் சேர்த்து யோசிக்கணும். அதுக்குத்தான் கம்பில்லாமல் வெறுங்கையால் பழகும் குத்துவரிசை இருக்கிறது. அதையும் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்கலாம்.

பிலிப்பைன்ஸ், மலேசியாவில் என்ன செய்தார்கள்?

தங்கள் ஊர்க் கம்புக் கலையை அரசுப் பட்டியலுக்குள் கொண்டுபோன நாடு நாம் மட்டும் இல்லை. பிலிப்பைன்ஸில் 'ஆர்னிஸ்' என்று ஒரு கலை. 'எஸ்க்ரிமா', 'காளி' என்றும் சொல்வார்கள். சுமார் 28 அங்குலப் பிரம்பை வைத்து நெருங்கி நின்று அடிப்பது. நம்ம கம்பில் பாதிகூட இருக்காது, அதனால் மோதும் தூரமும் மாறிவிடுகிறது. இரண்டு கையிலும் பிரம்பு வைத்துப் பின்னல் பின்னுவது போல் அடிக்கும் 'சினவாலி' பயிற்சியைப் பார்த்தால் நம்ம இரட்டைக் கம்பு ஞாபகம் வரும்.

2009 டிசம்பரில் அந்த நாடு ஒரு சட்டமே போட்டு ஆர்னிஸை தேசிய தற்காப்புக் கலையாகவும் தேசிய விளையாட்டாகவும் அறிவித்தது. அதோடு நிற்கவில்லை. பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டியில் முதல் போட்டியாக ஆர்னிஸ்தான் நடக்கணும் என்றும் அதே சட்டத்தில் எழுதிவைத்தது. 2019-ல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டியைச் சொந்த மண்ணில் நடத்தியபோது ஆர்னிஸில் 20 தங்கம் வைத்து, அதில் 14-ஐ அவங்களே எடுத்துக்கொண்டார்கள்.

மலேசியா, இந்தோனேசியா பக்கம் 'சிலாட்'. இது வெறுங்கையில் தொடங்கி கத்தி, கிரிஸ் என்று போகும். 2019 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இரு நாடுகளின் சிலாட்டும் தனித்தனியாக இடம்பிடித்தன. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பென்சாக் சிலாட்டுக்கு 16 தங்கம் வைத்தார்கள். 14 இந்தோனேசியாவுக்கே போனது. அடுத்து சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பென்சாக் சிலாட்டே இல்லை! போட்டி நடத்துகிற ஊர்க்காரர் சேர்க்கும் விளையாட்டு, அடுத்த ஊருக்குப் போகும்போது காணாமல் போகும் ஆபத்து எப்போதும் உண்டு. தமிழ்நாட்டில் நடந்த போட்டியில் சிலம்பம் வந்தது என்பதை மட்டும் நம்பிப் பத்து வருஷக் கணக்குப் போடுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

மலேசியாவில் சிலம்பமும் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் ரப்பர் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களோடு கம்பும் கப்பல் ஏறியது. 'நிலைக்கலக்கி' என்ற சிலம்ப வகையை அங்கே இன்றைக்கும் பழகுகிறார்கள். சிலம்பத்தில் இருந்துதான் சிலாட் வந்தது என்று இங்கே பலர் சொல்வார்கள். பெயர் ஒற்றுமையைத் தாண்டி அதற்கு ஆவணம் காட்டுவது கஷ்டம். '5,000 ஆண்டுப் பழமை' என்று பேனரில் போடுவதும் அப்படித்தான்.

ஆங்கிலேயர் சிலம்பத்தைத் தடை செய்தார்களா?

இது மேடைதோறும் கேட்கும் கதை. ஆவணத்தில் உறுதியாக இருப்பது, பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801-ல் தென்மாவட்டங்களில் ஆயுதங்களைப் பறிமுதல் செய்ய கம்பெனி அரசு பிறப்பித்த உத்தரவு. அதே ஆண்டு அக்டோபர் 24-ல்தான் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள்.

அந்தப் போரில் கம்பெனி பக்கம் நின்ற கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் சொல்லிக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். சண்டைக்கு முன்பு இருவரும் நண்பர்கள். சொல்லிக்கொடுத்தவரை வேட்டையாடும் படையில் கற்றுக்கொண்டவர் இருந்தார்.

வேலும் வாளும் துப்பாக்கியும் பறிபோனது. மாடு மேய்ப்பவன் கையிலும் காவல்காரன் கையிலும் இருக்கிற மூங்கில் கம்பை யார் பறிக்க முடியும்? வளரி அரிதாகிப்போய் கம்பு மட்டும் ஊருக்கு ஊர் தங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அப்புறம் அதை சினிமாவும் காப்பாற்றியது. 1963-ல் வந்த 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் எம்.ஜி.ஆர். கம்பு சுற்றும் காட்சிக்காகவே தியேட்டருக்குப் போனவர்கள் மதுரை, தேனிப் பக்கம் நிறைய பேர்.

மலை பக்கத்துல இருக்கே, கம்பு வெட்டிக்கலாமா?

கூடாது. 'சிலம்பு' என்ற சொல்லுக்கு மலை என்றும் ஒலி என்றும் பொருள் உண்டு. சித்ரா பௌர்ணமிக்கு பளியங்குடி வழியாக கண்ணகி கோயிலுக்கு நடந்து ஏறுபவர்களுக்கு அந்த மலை பழக்கம்தான். ஆனால் கூடலூரை ஒட்டிய காடு 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகப் பகுதியையும், மேலே கேரளாவின் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. 2017-ல் வனச்சட்டத்தில் மூங்கிலை 'மரம்' என்ற பட்டியலில் இருந்து எடுத்தார்களே என்று சிலர் கேட்கலாம். அந்தத் தளர்வு காட்டுக்கு வெளியே, சொந்த நிலத்தில் வளர்க்கும் மூங்கிலுக்கு மட்டும்தான். காட்டுக்குள் ஒரு கம்பு வெட்டினாலும் வழக்குதான். பிள்ளையின் பேரில் வழக்கு வந்தால் அரசு வேலைக் கனவே சிக்கலாகிவிடும்.

கடையில் வாங்கும்போது கணு சீராக, உள்ளே துளை குறைவாக இருக்கும் கல்மூங்கில் நல்லது. கீறல் விட்ட கம்பு வேண்டாம், அடிபட்டால் பிளந்து கண்ணில் தெறிக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு கனம் குறைந்த பிரம்பு போதும். சிமென்ட் தரையைவிட மண் தரையில் பழகுவது முழங்காலுக்கு நல்லது. ஜோடியாக மோதும்போது தலைக்கவசம் இல்லாமல் விடக் கூடாது. திருவிழா நேரத்தில் தீப்பந்தம் சுற்றச் சொன்னால், பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

முதல் கம்பே விலை கூடியதாக வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. நெற்றி உயரம்தான் கணக்கு என்பதால், ஆறாம் வகுப்பில் வாங்கிய கம்பு எட்டாம் வகுப்பு போகும்போது பத்தாது.